மடையானா, குருகா, வக்காவா? கொக்கினப் பறவைகளை அடையாளம் காணும் முறை

பினாங்குத் தீவின் மேற்குப் பக்கத்தில், பாலிக் புலாவுக்கு அப்பால், சுங்கை பூரோங் என்றோர் ஊர் இருக்கிறது. மலாய் மொழியில் அதற்குப் பறவை ஆறு என்று பொருள். தீவில் எஞ்சியிருக்கும் நெல்வயல்கள் பெரும்பாலும் அந்த வட்டாரத்தில்தான் உள்ளன. தீபாவளி கழிந்த ஒரு காலைப்பொழுதில் அங்கே வரப்போரமாக நடந்துகொண்டிருந்தபோது, மண்கட்டி என்று நான் நினைத்திருந்த ஒன்று பத்தடி முன்னால் கழுத்தை நீட்டியது. உடலெங்கும் பழுப்பும் வெளிர்மஞ்சளுமாகக் கோடுகள்; வைக்கோலையும் சேற்றையும் குழைத்துப் பூசியது போன்ற நிறம். இன்னும் ஓரடி வைத்ததும் அது எழும்பியது. எழும்பிய நொடியிலேயே வெள்ளைப் பறவையாகிவிட்டது. இரு சிறகுகளும் வாலும் பால்வெள்ளை. சற்றுத் தள்ளி இறங்கிச் சிறகை மடக்கியதும் மறுபடியும் மண்கட்டி.

பக்கத்து வாய்க்காலில் தூண்டில் போட்டு உட்கார்ந்திருந்த பெரியவர் ஒருவர், ரப்பர்த் தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவர், என் வியப்பைக் கவனித்துவிட்டுச் சொன்னார்: “அது குருட்டுக் கொக்கு தம்பி. கண்ணு தெரியாது. மிதிக்கிற அளவுக்குக் கிட்டப் போனாத்தான் பறக்கும்.” தமிழில் அந்தப் பறவைக்கு மடையான் என்றும் பெயர் உண்டு. அதன் கண்ணில் பழுது ஒன்றும் இல்லை. அசையாமல் நின்றால் எதிரியின் பார்வையில் படமாட்டோம் என்பதே அதன் தற்காப்பு. ஆகையால்தான் கடைசிக் கணம்வரை இருந்த இடத்திலேயே இருந்துவிடுகிறது. மனிதர்கள் அதைக் குருடு என்று எடுத்துக்கொண்டார்கள். ஆனாலும் பெரியவர் சொன்ன பெயரில் ஒரு நல்ல பாடம் இருக்கிறது. அவர் அந்தப் பறவையை நிறத்தால் அடையாளம் காணவில்லை, நடத்தையால் அடையாளம் கண்டார்.

புதிதாகப் பறவை பார்க்க வருகிறவர்கள் பெரும்பாலும் இதற்கு நேர்மாறாகச் செய்கிறோம். முதலில் நிறத்தைப் பார்த்து, அந்த நிறத்தைக் கையேட்டின் படங்களோடு ஒப்பிட்டு, பொருந்துகிற படத்தின் பெயரைக் குறித்துக்கொள்கிறோம். மரங்கொத்திக்கும் மீன்கொத்திக்கும் இது ஓரளவு பொருந்தும். நீர்நிலைகளில் காலை நனைத்து இரை தேடும் கொக்கினங்களுக்கு இது பொருந்தாது. ஏனெனில், ஒரே பறவை தன் வாழ்நாளில் மூன்று விதமான கோலங்களில் தோன்றும். வெவ்வேறு இனத்துப் பறவைகள் ஒரே கோலத்தில் வந்து நிற்கவும் கூடும். ஆகவே இந்தக் குடும்பத்தில் நிறம் கடைசியாகக் கேட்க வேண்டிய சாட்சி. உடலின் அமைப்பு, பறவையின் வயது, ஆண்டின் பருவம், அது இரை தேடும் விதம் ஆகியவற்றை விசாரித்த பிறகுதான் நிறத்தின் சொல்லுக்கு மதிப்பு வரும்.

கோலம் ஏன் மாறுகிறது

இறகு என்பது நம் நகத்தையும் முடியையும் போன்றது. வளர்ந்து முடிந்ததும் அது உயிரற்ற பொருள். வெயிலில் வெளுக்கலாம், ஓரம் தேயலாம். ஆனால் பழுப்பு இறகு ஒன்று தானாகக் கருஞ்சிவப்பாக மாற வழியில்லை. நிறம் மாற வேண்டுமானால் பழைய இறகு உதிர்ந்து, அதன் இடத்தில் புதிய இறகு முளைத்தாக வேண்டும். இந்த இறகுதிர்ப்பு ஒரே நாளில் நடந்து முடிவதில்லை. வாரக்கணக்கில், சில வேளைகளில் மாதக்கணக்கில், பகுதி பகுதியாக நடக்கும். பாதிக் கழுத்து கோடுகளோடும் பாதிக் கழுத்து வேறு நிறத்தோடும் ஒரு பறவையைக் கண்டால், அது கலப்பினமோ நோய் கண்டதோ அல்ல. கோலம் மாற்றிக்கொண்டிருக்கிறது என்றே கொள்ள வேண்டும்.

கூட்டைவிட்டு வெளிவரும் குஞ்சு அணிந்திருப்பது இளமைக் கோலம். பல இனங்களில் இது பழுப்பாகவும் புள்ளியும் கோடுமாகவும் இருக்கும். முதிர்ந்த பறவை ஆண்டின் பெரும்பகுதியில் அணிந்திருப்பது எளிய கோலம். இணை சேரும் பருவத்துக்கு முன் அணிவது மணக்கோலம். இணையைக் கவரும் நீண்ட தூவிகள் முதுகிலும் மார்பிலும் பிடரியிலும் வளர்வது அப்போதுதான். இந்தத் தூவிகளின் அழகே ஒரு காலத்தில் கொக்குகளுக்கு எமனாக வந்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் ஐரோப்பிய, அமெரிக்கப் பெண்களின் தொப்பிகளில் செருகுவதற்காக இவை விலைபோயின. மணக்கோலம் இருப்பது கூடு கட்டும் பருவத்தில் என்பதால், வேட்டையும் கூடுகளருகிலேயே நடந்தது. தாய்ப்பறவை சுடப்பட்டால் குஞ்சுகளும் பட்டினியில் மடிந்தன. பிரிட்டனின் பறவைப் பாதுகாப்புச் சங்கம் 1889ஆம் ஆண்டில் தோன்றியதற்கு இந்த இறகு வணிகத்தின் மீதெழுந்த கோபமே காரணம்.

இறகில்லாத பகுதிகளின் கதை வேறு. கால், அலகு, கண்ணுக்கும் அலகுக்கும் இடைப்பட்ட வெற்றுத்தோல் ஆகியவை இறகு உதிர்ந்து முளைக்கும்வரை காத்திருக்கத் தேவையில்லை. ஹார்மோன்களின் தூண்டலால் இவை இறகுகளைவிட விரைவாக நிறம் மாறும். பெரிய வெள்ளைக் கொக்கின் அலகு ஆண்டின் பெரும்பகுதியில் மஞ்சளாக இருக்கும். மணக்கோலத்தில் அதுவே கருமையாகிவிடும். மஞ்சள் அலகோடும் கறுப்பு அலகோடும் ஒரே வயலில் இரண்டு பெரிய கொக்குகள் நின்றால், இரண்டு இனங்கள் என்று எழுதிவிடத் தோன்றும். இரண்டும் ஒன்றே. ஒன்று சற்று முன்னதாகத் தயாராகிவிட்டது, அவ்வளவுதான்.

பினாங்கில் இருப்பவர்களுக்கு இந்த மாற்றங்களை நினைவில் வைக்க நம் நாட்காட்டியே போதும். வடக்கிலிருந்து வலசை வரும் பறவைகள் செப்டம்பர் முதல் வந்து சேருகின்றன. தீபாவளி, பொங்கல், தைப்பூசம் ஆகிய மூன்றும் எளிய கோலத்தின் காலம். அந்த மாதங்களில் நிறம் மிகக் குறைவாகவே பேசும். பங்குனி பிறந்ததும் கழுத்துகளில் முதல் நிறம் தோன்றத் தொடங்கும். சித்திரைப் புத்தாண்டை ஒட்டிய இரண்டு மூன்று வாரங்கள் மிகவும் அருமையானவை. மணக்கோலம் முழுமையடைந்த பறவைகள், வடக்கே புறப்படுவதற்கு முன் நம் வயல்களிலேயே நிற்கும். வைகாசி நடுவில் போனால் வலசைப் பறவைகளில் பெரும்பாலானவற்றைக் காண முடியாது.

முதல் கேள்வி கழுத்துக்கு

தமிழில் நாரை என்ற சொல் இரண்டு வேறு குடும்பங்களுக்கு வழங்குகிறது. சாம்பல் நாரையும் செந்நாரையும் கொக்குக் குடும்பத்தைச் சேர்ந்தவை. நத்தைகுத்தி நாரை அந்தக் குடும்பத்தைச் சேர்ந்ததே அல்ல. பெயரை வைத்து இதைப் பிரிக்க முடியாது, பறக்கும்போது பிரிக்கலாம். கொக்குக் குடும்பத்துப் பறவைகள் நெடுந்தொலைவு பறக்கையில் கழுத்தை மடித்துத் தோள்களுக்கிடையே இழுத்துக்கொள்ளும். அவற்றின் ஆறாவது கழுத்தெலும்பு மற்றவற்றைவிட நீண்டிருப்பதால்தான் கழுத்து அப்படி மடிகிறது. இரையைக் குத்தும்போது அம்பு போல் பாய்வதும் அதனால்தான். நத்தைகுத்தி நாரை கழுத்தை நேராக முன்னே நீட்டியபடி பறக்கும்.

நத்தைகுத்தியைப் பற்றி இங்கே சற்று விரித்துச் சொல்ல வேண்டும், ஏனெனில் வயதைக் கவனிக்காவிட்டால் எப்படி ஏமாறுவோம் என்பதற்கு அது நல்ல எடுத்துக்காட்டு. கடந்த பத்துப் பதினைந்து ஆண்டுகளில், பினாங்கின் பெருநிலப் பகுதியான செபராங் பிறையிலும் அண்டை மாநிலமான கெடாவிலும் உள்ள வயல்வெளிகளில் இந்தப் பறவைகள் கூட்டங்கூட்டமாகத் தென்படுகின்றன. நெற்பயிரைத் தின்னும் தங்க நத்தைகளே அவற்றின் விருந்து. மேலலகும் கீழலகும் நடுவில் சேராமல் இடைவெளி விட்டிருப்பதே அதன் முத்திரை என்று எல்லாக் கையேடுகளும் சொல்லும். ஆனால் இளம் பறவையின் அலகில் அந்த இடைவெளி இருக்காது. வளர வளரத்தான் உருவாகும். இடைவெளியை மட்டும் தேடுகிறவர், இளம் நத்தைகுத்தியைப் பார்த்து வேறொரு நாரை என்று எழுதிவிடுவார்.

பழுப்பும் கோடுமாக நிற்கும் பறவை எது

தொடக்கநிலையில் எல்லோரையும் தடுமாற வைப்பது இந்த இடம்தான். நெல்வயலிலும் வாய்க்காலிலும் அலையாத்திக் காட்டோரத்திலும் பழுப்பு உடலில் கோடு போட்டபடி நிற்கும் பறவை மடையானாக இருக்கலாம். வக்காவின் இளம் பறவையாக இருக்கலாம். பச்சைக் கொக்கின் இளம் பறவையாக இருக்கலாம். மஞ்சள் குருகாகவோ செங்குருகின் இளம் பறவையாகவோ இருக்கலாம். நிற்கும் நிலையில் கோடுகளை எண்ணிக்கொண்டிருப்பதைவிட, அது எழும்பும்வரை பொறுத்திருப்பது நல்லது. சிறகு விரியும் ஒரே நொடியில் பாதிக் கேள்விகள் தீர்ந்துவிடும்.

சிறகு வெள்ளையாக விரிந்தால் அது மடையான். வெளிர்மஞ்சள் சிறகின் பின்பகுதியில் பறக்கும் இறகுகள் மட்டும் அழுத்தமான கறுப்பாகத் தெரிந்தால் மஞ்சள் குருகு. சிறகில் எந்த வேறுபாடும் இன்றி முழுவதும் இலவங்கப்பட்டை நிறமாக இருந்தால் செங்குருகு. மங்கிய கருஞ்சாம்பல் சிறகோடு, சலித்துக்கொள்வது போன்ற ஒரு கூர்மையான ஒலியெழுப்பியபடி நீரை ஒட்டித் தாழப் பறந்தால் பச்சைக் கொக்கு. பருத்த உடல், தடித்த கழுத்து, பழுப்புச் சிறகு ஆகியவற்றோடு பறப்பது வக்காவின் இளம் பறவை. அது அமர்ந்த பிறகு பார்த்தால், சிறகின் மேல் மழைத்துளி தெளித்தாற்போல வெண்புள்ளிகள் தெரியும்.

வக்கா முழுக்கோலம் பெறுவதற்கு இரண்டு மூன்று ஆண்டுகள் ஆகும். முதிர்ந்த வக்காவின் உச்சியும் முதுகும் கருநீலம் கலந்த கறுப்பு, சிறகு சாம்பல், கண் செக்கச்சிவப்பு, பிடரியில் இரண்டு மூன்று வெண்தூவிகள். இளம் பறவையில் இவற்றில் ஒன்றுமே இருக்காது. கண்கூட மஞ்சளாகவோ செம்மஞ்சளாகவோ இருக்கும். இடைப்பட்ட ஆண்டில் பார்த்தால் புள்ளிகள் மங்கி, உச்சி இருண்டு, எதனோடும் சேராத ஒரு பறவையாகத் தோன்றும். இத்தனை வேறுபட்ட கோலங்களுக்கிடையிலும் மாறாமல் இருப்பவை பருத்த தலையும், தடித்த அலகும், தோளுக்குள் தலையைப் புதைத்துக் குனிந்திருக்கும் நிலையும்தான். அந்தி மயங்கும் வேளையில், மற்றக் கொக்குகள் அடையும் மரத்துக்குத் திரும்புகையில், இவை இரைக்குப் புறப்படும். அப்போது கேட்கும் ஒற்றைக் குரலும் வக்கா என்ற பெயரும் ஒன்றுபோலவே ஒலிக்கும். அதை ஒருமுறை கேட்டவர் இருட்டிலும் பெயர் சொல்லிவிடலாம்.

குருகுகளைப் பொறுத்தவரை நடத்தையே முந்திக்கொண்டு பேசும். மஞ்சள் குருகு ஆபத்தை உணர்ந்தால் பறக்காமல், அலகை வானத்தை நோக்கி நிமிர்த்தி, உடலை ஒடுக்கி, கோரைத்தண்டோடு தண்டாக நின்றுவிடும். கழுத்தின் நீண்ட கோடுகள் அந்த நிலையில்தான் அர்த்தம் பெறுகின்றன. மடையான் இப்படி நிமிர்வதில்லை. கழுத்தை உள்ளிழுத்துக் குந்தியிருக்கும்.

மூன்று மடையான்கள்

சிறகு வெள்ளை, ஆகவே மடையான் என்ற முடிவுக்கு வந்தபின் அடுத்த சிக்கல் தொடங்குகிறது. தீபகற்ப மலேசியாவில் சீன மடையான், ஜாவா மடையான், இந்திய மடையான் ஆகிய மூன்று இனங்களும் பதிவாகியுள்ளன. தமிழ்நாட்டு வயல்களில் அன்றாடம் காண்பது இந்திய மடையான். சீன மடையான் நம்மிடம் வலசை வருவது. மூன்றும் உருவத்தில் ஏறத்தாழ ஒரே அளவு, சுமார் 45 சென்டிமீட்டர். எளிய கோலத்தில் மூன்றும் ஒன்றுபோலவே இருக்கும். இளம் பறவைகளும் ஏறத்தாழ அதே கோலத்தில் இருப்பதால் வயதும் இங்கே உதவாது. தைப்பூசத்தன்று வயலில் நிற்கும் மடையானைச் சுட்டிக்காட்டி, இது இன்ன இனம் என்று யாராவது உறுதியாகச் சொன்னால், அவரிடம் காரணம் கேட்க வேண்டும்.

மணக்கோலத்தில் இரண்டே கேள்விகளில் விடை கிடைத்துவிடும். முதுகு என்ன நிறம்? ஒயின் கலந்த கருஞ்சிவப்பாக இருந்தால் இந்திய மடையான். கருஞ்சாம்பலாகவோ கறுப்பாகவோ இருந்தால் மற்ற இரண்டில் ஒன்று. அடுத்து, தலையும் கழுத்தும் என்ன நிறம்? ஆழ்ந்த செம்பழுப்பாக இருந்தால் சீன மடையான்; பொன்மஞ்சள் கலந்த வெளிர்நிறமாக இருந்து, மார்பில் மட்டும் இலவங்கப்பட்டை நிறம் தோன்றினால் ஜாவா மடையான். பங்குனியில், கழுத்தின் கோடுகளுக்கிடையே முதல் சில இறகுகள் முளைக்கும்போதே இந்தக் கேள்விகளைக் கேட்கத் தொடங்கலாம். ஆனால் முதுகும் கழுத்தும் ஒரே சமயத்தில் மாறுவதில்லை என்பதை மறக்கக்கூடாது. ஒரு சாட்சியை மட்டும் வைத்துத் தீர்ப்புச் சொல்வது சரியல்ல.

வெள்ளைக் கொக்குகள்

வெள்ளைக் கொக்குகளிடம் நிறம் என்ற சாட்சியே இல்லை. ஆகையால் அவை நல்ல ஆசிரியர்கள். செபராங் பிறையில் உழவு இயந்திரத்தின் பின்னால் இருபது முப்பது வெள்ளைப் பறவைகள் முண்டியடித்துக்கொண்டு நடந்தால், அவை உண்ணிக் கொக்குகள். புரளும் மண்ணிலிருந்து துள்ளும் பூச்சிகளும் தவளைகளும் அவற்றின் இலக்கு. மாடு, எருமை, புல்வெட்டும் ஆள் என யார் பின்னாலும் போகும். குட்டையான தடித்த மஞ்சள் அலகு, அதன் அடியில் தாடை வீங்கினாற்போன்ற தோற்றம், நடக்கும்போது தலை முன்னும் பின்னும் ஆடுவது ஆகியவற்றைப் பார்த்தால் போதும். சித்திரையில் தலையும் கழுத்தும் முதுகும் செம்மஞ்சளாகும்போது இதே பறவையை வேறு பறவை என்று எண்ணிவிடுகிறவர்கள் பலர்.

பெரிய வெள்ளைக் கொக்கையும் இடைக் கொக்கையும் அளவை வைத்துப் பிரிக்க முயல்வது வீண்வேலை. தனியாக நிற்கும் பறவையின் உயரத்தைத் தொலைவிலிருந்து யாராலும் அளந்து சொல்ல முடியாது. அதற்குப் பதிலாக வாயின் கோட்டைப் பார்க்க வேண்டும். அலகு பிளக்கும் கோடு கண்ணைத் தாண்டிப் பின்னே சென்றால் பெரிய வெள்ளைக் கொக்கு. கண்ணுக்கு நேர்கீழே நின்றுவிட்டால் இடைக் கொக்கு. கழுத்திலும் தெரியும்: பெரியதன் கழுத்து நடுவில் முறிந்தாற்போல் வளைந்திருக்கும். இந்த இரண்டு குறிகளும் வயதாலும் பருவத்தாலும் மாறுவதில்லை என்பதே அவற்றின் பெருமை.

சின்னக் கொக்குக்குக் கறுப்பு அலகு, கறுப்புக் கால், மஞ்சள் பாதம் என்று படித்திருப்போம். பட்டர்வொர்த்துக்கு வடக்கே தெலுக் ஆயர் தாவாரிலிருந்து குவாலா மூடா வரை நீளும் சேற்றுக்கரை, உலகளாவிய பறவைப் பாதுகாப்பு அமைப்பான பேர்ட்லைஃபின் முக்கியப் பறவை வாழிடங்களின் பட்டியலில் உள்ள இடம். கடல் வற்றிய ஒரு காலையில் அங்கே ஒரு சின்னக் கொக்கைப் பார்த்தேன். பாதம் கன்னங்கறுப்பு. கிழக்கே இந்தோனேசியத் தீவுகளில் பாதம் கறுத்த ஒரு வகை உண்டு என்பது எனக்குத் தெரியும். அதுதான் இங்கே வந்துவிட்டதோ என்ற பரபரப்பில் குறிப்பேட்டில் அப்படியே எழுதியும் விட்டேன். ஐந்து நிமிடம் கழித்து அந்தப் பறவை சேற்றின் நடுவே ஓடிய சிறு ஓடையில் இறங்கியது. ஒரு காலை நீருக்குள் விட்டு, மீன்களைக் கலைப்பதற்காகப் பாதத்தைப் படபடவென்று நடுக்கியது. பிறகு அந்தக் காலை உயர்த்தியபோது எலுமிச்சை மஞ்சளில் ஐந்தாறு சொட்டு நீரோடு பாதம் பளிச்சிட்டது. முன்பு நான் பார்த்தது சேறு. எழுதியதை அடித்தேன். அந்தப் பாதத்தை நடுக்கும் பழக்கமே சின்னக் கொக்குக்குரிய நல்ல அடையாளம் என்பதையும் அன்றுதான் கண்ணால் கண்டு தெரிந்துகொண்டேன்.

அதே கரைகளில் கவனிக்க வேண்டிய இன்னொரு விருந்தாளி சீனக் கொக்கு. கொரியா, சீனா, ரஷ்யா ஆகியவற்றின் கரையோரத் தீவுகளில் கூடு கட்டிவிட்டுத் தெற்கே வரும் பறவை. உலக அளவில் அழிவாய்ப்புள்ள இனமாகப் பட்டியலிடப்பட்டது. மணக்கோலத்தில் அதன் அலகு செம்மஞ்சள், கண்முன் தோல் நீலம், பிடரியில் கலைந்த கொண்டை. யாரும் தவறவிட மாட்டார்கள். எளிய கோலத்தில் அலகு கருத்து, கீழலகின் அடிப்பகுதி மட்டும் மஞ்சளாக, கால்கள் பச்சை கலந்த மஞ்சளாக இருக்கும். இங்கே வயது குறுக்கிடுகிறது: சின்னக் கொக்கின் இளம் பறவைக்கும் கால் மங்கிய பச்சையாகவும் அலகின் அடி வெளிறியும் இருக்கக்கூடும். எனவே நடத்தையைச் சேர்த்துப் பார்க்க வேண்டும். சீனக் கொக்கு நின்று காத்திருக்காது. சேற்றுப் பரப்பில் சிறகைப் பாதி விரித்தபடி இங்குமங்கும் ஓடி, திடீரெனத் திரும்பி, இரையைத் துரத்தும். சின்னக் கொக்கும் அவ்வப்போது ஓடும் என்பதால் ஓட்டம் மட்டும் போதாது. ஓட்டம், கால், அலகு ஆகிய மூன்றும் ஒத்துப்போக வேண்டும். பத்து பெரிங்கிப் பாறைகள் போன்ற இடங்களில் குட்டையான தடித்த கால்களோடு பதுங்கிப் பதுங்கி நகர்வது கரைக் கொக்கு. அது கருஞ்சாம்பலாகவும் இருக்கும், வெள்ளையாகவும் இருக்கும். இந்த இரு நிறங்களும் வயதாலோ பருவத்தாலோ வருவன அல்ல, பிறவியிலேயே அமைந்தவை.

குறிப்பேட்டில் எழுத வேண்டியவை

கையில் 8x42 அளவுள்ள (எட்டு மடங்கு பெரிதாக்கும், 42 மில்லிமீட்டர் முன்வில்லை கொண்ட) ஒரு தொலைநோக்கி இருந்தால் தொடக்கத்துக்குப் போதும். பறவையைப் பார்த்தவுடன் கையேட்டைத் திறக்காமல் இருப்பது முக்கியம். படத்தைப் பார்த்துவிட்டால், பார்த்ததற்கும் படித்ததற்கும் வித்தியாசம் தெரியாமல் போய்விடும். மாதம், கடல் ஏறியதா வற்றியதா, பறவை நின்ற இடம், அலகும் காலும் கண்முன் தோலும் என்ன நிறம், சிறகு விரிந்தபோது என்ன தெரிந்தது, அது என்ன செய்துகொண்டிருந்தது ஆகியவற்றை அங்கேயே எழுதிவிட வேண்டும். காலைவெயில் எல்லா அலகுகளையும் செம்மஞ்சளாகக் காட்டும். கைப்பேசிப் படம் அதை இன்னும் கூட்டும். ஆகவே ஒளி எந்தப் பக்கத்திலிருந்து விழுந்தது என்பதையும் ஒரு சொல்லில் குறித்துக்கொள்வது நல்லது. சேற்றுக்கரைக்குப் போகிறவர்கள் கடல் ஏறத் தொடங்கும் நேரத்தைத் தேர்ந்தெடுத்தால், தொலைவில் சிதறிக் கிடக்கும் பறவைகளைத் தண்ணீரே கரையை நோக்கித் தள்ளிக்கொண்டு வரும்.

இனம் பிரியாவிட்டால் பிரியவில்லை என்றே எழுத வேண்டும். 1987ஆம் ஆண்டு முதல் ஒவ்வொரு ஜனவரியிலும் நடந்துவரும் ஆசிய நீர்ப்பறவைக் கணக்கெடுப்புக்கு நம் போன்ற தன்னார்வலர்களின் எண்ணிக்கைகள் சேருகின்றன. ஜனவரி என்பது மடையான்கள் மூன்றும் ஒன்றுபோல் இருக்கும் மாதம். ஊகத்தில் எழுதிய ஒரு பெயர் அந்தக் கணக்குக்குள் உண்மை போலவே உட்கார்ந்துவிடும். பார்த்த பறவைகளைப் பதிவுசெய்யும் ஈபேர்ட் செயலியிலும் இனம் பிரிக்காமல் மடையான் என்று மட்டும் பதிவதற்கு இடம் உண்டு. அப்படிப் பதிவது அறியாமை ஆகாது. பார்த்தது எதுவோ அதை மட்டும் சொல்வது அது.

சித்திரை இரண்டாம் வாரத்தில் மறுபடியும் சுங்கை பூரோங்குக்குப் போனேன். அதே வரப்பில் இரண்டு மடையான்கள், ஆறேழு அடி இடைவெளியில் நின்றன. ஒன்றின் கழுத்தில், வெள்ளைச் சட்டையில் வெற்றிலைச் சாறு தெறித்தாற்போல, கோடுகளுக்கிடையே செம்பழுப்புத் திட்டுகள் படர்ந்திருந்தன. அது திரும்பியபோது முதுகும் கருஞ்சாம்பலாகத் தெரிந்தது. சீன மடையான் என்று எழுதினேன். மற்றொன்றின் உடலில் தீபாவளியின்போது இருந்த அதே கோடுகள், ஒரு புது இறகுகூட இல்லை. அது எழும்பி, வெள்ளையாகி, வாய்க்காலுக்கு அப்பால் இறங்கும்வரை பார்த்துவிட்டு, அதன் பக்கத்தில் ‘மடையான், இனம் பிரியவில்லை’ என்று குறித்தேன்.